முப்பத்தொரு முயல் தலையணைகள்

ஜெசி,

உன் கடையில் முதல் ஆளாகப் பொருள் வாங்கி, ஐந்து நட்சத்திரம் போட்டு, "என் இரட்டைப் பிள்ளைகள் இரண்டும் நிம்மதியாகத் தூங்குகின்றன, தையல் மிக நேர்த்தி" என்று எழுதிய அந்தக் கேகாலைத் தாய் நான்தான். வயது ஐம்பத்துநாலு, மீசை உண்டு, இடது குதிகாலில் வெடிப்பு உண்டு, இரட்டைப் பிள்ளைகள் இல்லை. தோட்டத்து ஒபீஸில் கிளாக்கர் மாத்தயாவின் போனில், கேகாலையில் இருக்கும் அவருடைய அக்காவின் விலாசத்துக்கு எடுத்தது. நான் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் தட்டினார். இரட்டைப் பிள்ளை எதற்கு, ஒரு பிள்ளை போதாதா என்று கேட்டார். இரண்டு தலையணை வாங்குகிறோமே மாத்தயா, ஒரு பிள்ளைக்கு எத்தனை தலை என்று நான் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு இரட்டை என்றே போட்டார். அன்று பின்னேரம் நீ போனைத் தூக்கிக்கொண்டு லயத்து வீட்டு வரிசை முழுக்க ஓடினாய். "அப்பா, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தங்க வாங்கியிருக்காங்கப்பா!" என்று கத்தினாய். நான் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்று ஆசீர்வாதம் வேறு பண்ணினேன்.

அந்தப் பார்சலை டவுனுக்குத் தூக்கிப் போனவனும் நான்தான். எட்டு நாள் கழித்து கிளாக்கர் மாத்தயா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய செக்ரோல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒபீஸ் அலமாரியில் இத்தனை காலம் ஒளித்து வைத்திருந்தேன். நீ கொழும்புக்குப் போன மறுநாள் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அதில்தான் படுக்கிறேன். காலையில் எழும்பினால் கன்னத்தில் முயல் காது பதிந்திருக்கிறது. உன் அம்மா பார்த்தாள். எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை. மற்றதை எடுத்துத் தன் தலைக்கு வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

நீ போய் மூன்று வாரமாகிறது. போனில் நீ "சாப்டீங்களா?" என்கிறாய், நான் "சாப்ட்டேன்" என்கிறேன், பிறகு பக்கத்து லயத்தில் யார் யாரோடு சண்டை என்று இரண்டு கதை சொல்கிறேன், நீ சிரிக்கிறாய், போன் கட்டாகிறது. சொல்ல வேண்டியது எதுவும் அந்த இடைவெளியில் நுழைவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இருபத்தேழு வருடமாக ஊராருடைய கடிதங்களைச் சுமந்தவன் சொந்தமாக எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். கண்ணீர்க் கறை இருக்காது. அழுகை வரவில்லை, ஜெசி. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு நம் உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதடோ போல இருக்குமே, நெஞ்சுக்குள் அப்படித்தான் இருக்கிறது. தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. என்னுடையதாகத் தெரியவில்லை.

நான் பார்க்கும் வேலை உனக்குத் தெரியாததல்ல. காலை ஏழரை பஸ்ஸில் தப்பால் பையோடு யட்டியாந்தோட்டைக்குப் போய், தோட்டத்துக்கு வந்த கடிதங்களைத் தபால் கந்தோரில் எடுத்துக்கொண்டு ஒபீஸுக்கு வந்து, கிளாக்கர் மாத்தயா பிரித்துத் தந்ததும் லயம் லயமாகக் கொடுக்க வேண்டும். நம் காம்பரா வீடுகளுக்கு விலாசம் என்று ஒன்று கிடையாது. கடிதத்தில் தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும்தான் இருக்கும், மிச்ச விலாசம் என் தலைக்குள் இருக்கிறது. மூன்று செல்வராணிகளில் எந்தச் செல்வராணிக்கு நகைக்கடைக் கடிதம், எந்தச் செல்வராணிக்குக் குவைத்துக் கடிதம் என்பது உறையைத் தொட்டாலே எனக்குத் தெரியும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன் என்று ஊரில் பேச்சு. பொய். வெயிலுக்கு நேராகப் பிடித்தால் தலைகீழாகத்தான் தெரியும், அதனால் அந்தப் பழக்கத்தை எப்போதோ விட்டுவிட்டேன்.

அப்படிப்பட்டவன் கையில்தான் உன்னுடைய முதல் கடிதமும் தவறியது. தாதியர் பயிற்சிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி வந்த கடிதம். பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் நான் லீவு போட்டேன், கோயிலில் பாஸ்கு நாடக ஒத்திகை. எனக்கு ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்கும் சேவகன் வேஷம், வசனம் ஒரு வரிகூடக் கிடையாது. நிற்பதற்கு ஒரு வாரம் ஒத்திகை பார்த்தவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருக்கும். என் இடத்தில் போனவன் தப்பால் பையைக் கொட்டி, உன் கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை எடுத்தேன். நேர்முகத் தேர்வு திங்கட்கிழமை. உன்னிடம் நீட்டினேன். நீ திகதியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், "ஈட்டிய நல்லா புடிச்சீங்கப்பா" என்றாய். கிண்டலா பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் நீ அவிசாவளைக்குப் பக்கத்தில் கார்மென்ட் தையல் வேலைக்குப் போனாய்.

நாலு வருடம் கழித்து நீ திரும்பி வந்தபோது உன்னோடு ஒரு தையல் மெசினும், துண்டுத் துணி இரண்டு மூட்டையும், போனில் ஒரு கடையும் வந்தன. போனுக்குள் சந்தை இருக்கிறது, அதில் நமக்கும் ஒரு கடை, யாரும் வாடகை கேட்க மாட்டார்கள் என்றாய். கடை எனக்குப் புரியவில்லை. தலையணை புரிந்தது. கைக்குழந்தைக்கு இலவம் பஞ்சுத் தலையணை, ஒரு பக்கம் முயல், மறு பக்கம் வெறும் துணி. பஞ்சுக்கு எதிர்க் காம்பரா சூசை அண்ணன் இருந்தார். பழைய எல்லையோரம் நிற்கும் இலவ மரங்களில் ஏற அந்த வயதிலும் அவரை விட்டால் ஆளில்லை. காய் பறித்துச் சாக்கில் கொண்டுவந்து நம் வாசலில் போட்டுவிட்டு, "ஏ முயல்காரி, இந்தா ஒன் சரக்கு" என்பார். நீ உடைத்து, கொட்டை நீக்கி, வெயிலில் காயவைத்து அடைத்தாய். வீடெல்லாம் பஞ்சு பறந்தது. பருப்பில் பஞ்சு, என் மீசையில் பஞ்சு. "மத்த வீட்டுல எல்லாம் வெயில் அடிக்குது, ஒங்க வீட்டுல மட்டும் பனி பெய்யுது" என்று சூசை அண்ணனின் பெண்சாதி பிலோமினா சிரிப்பாள்.

அந்த நாட்களில் வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள். ஒரு கிழமை, சில வேளை பத்து நாள். மழையென்றால் நீ செய்தி அனுப்புவாய், "வெயில் வந்ததும் காய்ந்துவிடும்" என்று. அதற்கு ஒரு பெண், "பரவாயில்லை அக்கா, பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். நீ அதை எனக்கு வாசித்துக் காட்டினாய். பிள்ளைக்கு இருக்கிற பொறுமை யாருக்கு வரும் என்றேன். அடுத்த மாதமே யாருக்கும் வராது என்று தெரிந்துபோனது.

மின்னல் வந்தது. "நாளை மறுநாள் உங்கள் கையில், இல்லாவிட்டால் நாங்கள் பொறுப்பு" என்று சந்தைக்காரர்கள் நாடு முழுக்க வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கைக் காப்பாற்றும் கடைகளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் மின்னல் இருக்கும். மின்னல் இருக்கும் கடை மேலே வரும், இல்லாத கடை கீழே போய்விடும். வாக்குக் கொடுத்தது அவர்கள், ஓடியது நாம். ஓடர் விழுந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் பார்சல் யட்டியாந்தோட்டையில் இருக்கும் அவர்களுடைய பார்சல் கவுண்டரில் 'டிக்' என்று விழ வேண்டும். ஞாயிறும் கணக்கு, போயா லீவும் கணக்கு, ஆறு பெருகி ரோட்டில் ஏறினாலும் கணக்கு. உன் போனில் நேரம் குறைந்துகொண்டே போகும். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "போனுக்குள்ள ஒரு கங்காணி உக்காந்திருக்கான்டி. நம்ம கங்காணியாவது மழ பேஞ்சா பால் வெட்டு இல்லன்னு வீட்டுக்கு அனுப்பிருவான், இவன் அதுகூட இல்ல" என்றாள். றப்பர் மரம் வெட்டும் கைக்கு மழைநாள் என்றால் ஓய்வு. உன் கைக்கு மழைநாள்தான் பெரிய வேலை.

அதற்கும் வழி கண்டுபிடித்தோம். முன்கூட்டியே தைத்து எங்கள் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சந்தையிலிருந்து செய்தி வந்ததும் நீ அறுபது தலையணை அனுப்பினாய். பாதி விற்றது. மீதி சாக்கில் இறுக்கிக் கட்டி, இரண்டு மாதத்துக்குப் பிறகு அப்பளம் மாதிரித் திரும்பி வந்தது, ஒவ்வொரு முயல் முகத்திலும் ஒரு லேபல். ஆகையால் இனி வீட்டிலேயே, கையிலேயே என்று முடிவெடுத்தாய். வெயில் இல்லாத நாட்களில் உன் அம்மா அடுப்புக்கு மேல் கம்பி வலை கட்டிப் பஞ்சைக் காயவைத்தாள். நெருப்புப் பிடித்தால் லயம் பதினாறு காம்பராவும் போகும் என்று நான் கத்தினேன், ஒருத்தரும் கேட்கவில்லை. நெருப்புப் பிடிக்கவில்லை. வாங்கின ஒரு தாய்தான், "தலையணையில் கருவாட்டுப் புகை மணக்கிறது" என்று ஒரு நட்சத்திரம் போட்டாள். அன்று நீ அழுதாய். அன்று அழ முடிந்தது. அந்த இரட்டைப் பிள்ளைகளின் தாய் மறுபடி வந்து ஐந்து நட்சத்திரம் போட்டால் என்ன என்று நான் கிளாக்கர் மாத்தயாவைக் கேட்டேன். ஒரு தடவை வாங்கினால் ஒரு தடவைதான் போடலாமாம். சட்டம்.

தப்பால் பைக்குப் பக்கத்தில் உன் பை. அதுதான் என் புது வேலை. ஏழரை பஸ்ஸில் இரண்டும் என் மடியில் இருக்கும். கவுண்டர் பிள்ளை என்னைக் கண்டதும் மெசினைத் தூக்கிக்கொண்டு வருவாள், டிக் டிக் டிக். உண்மையைச் சொன்னால், இருபத்தேழு வருடத்தில் என் கையிலிருந்து போன எதற்கும் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. எனக்கே மின்னல் ஒட்டினது போல் திரும்பி வருவேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவனிடம், கேட்காமலே, "மகளோட பிசினஸ்" என்பேன். கொண்டக்டருக்கு அது மனப்பாடம். அவன் சில நாள் எனக்கு முந்திச் சொல்லிவிடுவான்.

இனி அந்தப் புதன்கிழமை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, அதனால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தையில் பெரிய மலிவு விற்பனை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒரேயடியாக முப்பத்தொரு ஓடர். அதுவரை ஒரே நாளில் நாம் பார்த்தது ஒன்பது. நீயும் அம்மாவும் தைத்து, அடைத்து, முப்பத்தொன்றையும் உறையிலிட்டு மூன்று பையாகக் கட்டி வாசலில் வைத்துவிட்டீர்கள். புதன் மாலை கவுண்டர் மூடுவதற்குள் போனால் போதும். இதில் பிந்தினால் மின்னல் போய்விடும், மூன்று மாதத்துக்குத் திரும்பி வராது என்று நீ எனக்கு இரண்டு தடவை சொன்னாய். நான் தலையாட்டினேன். புதன் காலை மாதா கோயில் மணி நேரம் கெட்ட நேரத்தில் அடித்தது. எதிர்க் காம்பராவில் பிலோமினாவின் சத்தம் கேட்டது. சூசை அண்ணன் முகம் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனவர் அங்கேயே உட்கார்ந்து சரிந்துவிட்டார்.

நம் தோட்டத்தில் சாவு என்றால் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு கலைந்துவிடும், டிவிசனில் யாரும் வேலைக்கு இறங்க மாட்டார்கள், அடக்கம் முடியும்வரை வேறு காரியமாக யாரும் வெளியே போக மாட்டார்கள். கோயில் வேறு வேறு என்றாலும் இதில் எல்லா லயமும் ஒன்று. வெளியே போகிற ஒரே ஆள் கேதம் சொல்லப் போகிறவன். அது எப்போதும் நான்தான். தப்பால்காரனுக்கு எல்லாத் தோட்டத்துக்கும் வழி தெரியும் என்று பழக்கமாகிவிட்டது. சூசை அண்ணனுக்கு உயிரோடு இருந்த ஒரே கூடப்பிறப்பு புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி அந்தோனியம்மா. நான் வெள்ளைச் சட்டையைப் போட்டேன். நீ மூன்று பையையும் எடுத்துக்கொண்டு வந்தாய்.

"அப்பா, போற வழிதானே. கவுண்டர்ல குடுத்துட்டுப் போங்க. இறங்குறதுக்கு ரெண்டு நிமிசம்."

"கேதம் சொல்லப் போறவன் கையில கைப்புள்ள தலகாணியா? வாயக் கழுவு."

"சூசை மாமாவே ஒண்ணும் சொல்லமாட்டாருப்பா."

"அவரால இனி சொல்ல முடியாது, அதான் நான் சொல்றேன். கேதம் சொல்லப் போறவன் வெறுங்கையோட போகணும், வழியில எறங்கக்கூடாது, ஒரு கடை வாசப்படி மிதிக்கக்கூடாது. எந்தப் புள்ளயோ அதுல தலய வைக்கப்போகுது ஜெசி."

"அப்ப நான் போறேன். ஓட்டோ புடிச்சிட்டு ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

"எதுத்தாப்புல பொணம் கெடக்கு. நீ சிரிச்ச முயல மூட்ட மூட்டயா தூக்கிட்டு இறங்குவியா? லயம் என்ன பேசும்?"

நீ உன் அம்மாவைப் பார்த்தாய். அம்மா என்னைப் பார்த்தாள். "ஏங்க, அந்தத் தங்கச்சிக்கு ஒரு போன் போட்டுச் சொன்னா ஆகாதா?" என்றாள். அப்போது நான் நிமிர்ந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன், ஞாபகம் இருக்கும். சாவைப் போனில் சொல்வதா, அண்ணன் போனதை ஒருத்தி ஒரு மனுசன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்க வேண்டும், அழுதால் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும், எல்லாவற்றையும் அவசரமாகக் கொண்டுபோய்ப் போடுகிற காலத்தில் இந்த ஒன்றையாவது ஆள் போய்ச் சொல்லட்டும் என்றேன். நல்ல பிரசங்கம். பங்குச் சாமிகூடப் பாராட்டியிருப்பார். பிறகு ஒரு நாள் அவரிடமே கேட்டேன், கேதம் சொல்லப் போகிறவன் பார்சல் கொடுக்கக்கூடாது என்று நம் வேதத்தில் எங்காவது இருக்கிறதா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பார்சல்னு எங்கயும் வரல்ல" என்றார்.

நீ பைகளைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தாய். நான் ஏழரை பஸ்ஸில் ஏறினேன். யட்டியாந்தோட்டையில் ஆள் சேரும்வரை பஸ் பத்து நிமிடம் நின்றது, கவுண்டருக்கு நேர் எதிரே. கவுண்டர் பிள்ளை என்னைக் கண்டு கையாட்டினாள். நான் பார்க்காதவன் மாதிரி முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பை வந்த பிறகு மடியில் ஒன்றும் இல்லாமல் அந்த பஸ்ஸில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அடக்கம் வியாழன் பின்னேரம். பார்சல் வெள்ளி காலை. முப்பத்தொன்றுக்கும் டிக் சத்தம் கேட்டது. அது கவுண்டர் பிள்ளையின் வேலை, அடிக்கத்தானே வேண்டும். அதற்குள் வாங்கியவர்களுக்கெல்லாம் சந்தைக்காரர்களின் மன்னிப்புப் பரிசு போய்விட்டிருந்தது, நம் கணக்கில். மின்னல் கழன்றுவிட்டது. சனிக்கிழமை இரண்டு ஓடர். ஞாயிறு ஒன்று. பிறகு குழாயை மூடினது மாதிரி. கிளாக்கர் மாத்தயாவின் போனில் நான் தேடிப் பார்த்தேன், பிள்ளைத் தலையணை, முயல் என்று. கடல் தாண்டி வந்த முயல்கள் வரிசையாக வந்தன, எல்லாவற்றுக்கும் மின்னல், எல்லாம் ஒரே சிரிப்பு. விரல் நோகத் தள்ளினேன். நம் முயல் வரவே இல்லை. "எப்பா, பெற்றரி இறங்குது" என்று மாத்தயா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

நீ ஒரு மாதம் காத்திருந்தாய். பிறகு மெசினுக்கு உறை போட்டு மூடினாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "பரவாயில்லப்பா" என்றாய். ஈட்டியை நல்லாப் பிடித்தேன் என்றாயே, அன்றைக்கு அதில் கொஞ்சம் முள் இருந்தது. இதில் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனிடம் சொல்கிற பரவாயில்லை. அந்த இடத்திலிருந்துதான் எனக்கு மரத்துப்போனது என்று நினைக்கிறேன்.

சூசை அண்ணனின் முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிலோமினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீ போவதாக முடிவான சமயம். "ஏண்ணே, அன்னிக்குப் புள்ளய நீங்க போக விடலயாமே. நான் என்ன சொல்லியிருப்பேன்? அத்தனையும் அவரு பறிச்ச பஞ்சு. அதுவாவது நேரத்துக்குப் போய்ச் சேந்திருக்கும்" என்றாள். என் வாயில் சோறு இருந்தது. மென்றேன். "லயம் என்ன பேசுமோன்னு பாத்தேன் தங்கச்சி" என்றேன். "லயம்னா யாருண்ணே, நானும் நீங்களுந்தானே" என்றாள். உனக்கு நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் நீ மறுபடி பரவாயில்லை என்பாய்.

இப்போது நீ அதே சந்தையின் களஞ்சியத்தில் பார்சலுக்கு மின்னல் ஒட்டுகிறாய். போனில் அதைச் சொல்லிவிட்டு, "பாத்தீங்களாப்பா, கடைசியில மின்னல் என் கைக்கே வந்திருச்சு" என்று நீயே சிரித்தாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, இறக்குவதற்கு மறந்துவிட்டேன். அப்பன் என்றால் புத்தி சொல்ல வேண்டும், என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். நின்றுகொண்டு சாப்பிடாதே. கால் வீங்கினால் உப்பு வெந்நீரில் வை, வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருக்காதே. மேலதிகாரி சிங்களத்தில் கத்தினால் நீயும் சிங்களத்திலேயே மெதுவாகப் பதில் சொல், உனக்கு அவனைவிட நன்றாகப் பேச வரும். மழையில் நனைந்த பார்சல் வந்தால் நேரம் பிந்தியதென்று தூக்கி எறியாதே, எந்த வீட்டு அடுப்புக்கு மேல் காய்ந்து வந்ததோ. அப்புறம், பெரியவர்கள் ஒரு விசயத்தை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லும்போது கேட்டுக்கொள், ஆனால் பையைக் கீழே வைக்காதே. அன்றைக்கு நீ என் பேச்சைக் கேட்காமல் ஓட்டோவில் ஏறியிருந்தால் நான் இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

நான் இன்னமும் ஏழரை பஸ்ஸில்தான் போகிறேன். கவுண்டர் பிள்ளை முதல் கிழமை, "அங்கிள், அத பார்சல் நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டாள், இன்றைக்குப் பார்சல் இல்லையா என்று. இன்றைக்கு இல்லை என்றேன். அடுத்த நாளும் இன்றைக்கு இல்லை என்றேன். இப்போது கேட்பதில்லை. கொண்டக்டரும் ஒன்றும் சொல்வதில்லை. தப்பால் பையும் வரவர மெலிந்துவிட்டது, எல்லாம் போனில் வந்துவிடுகிறதே. சில நாள் தோட்டத்துக்கு ஒரே ஒரு கடிதம், அதுவும் மின்சாரக் கட்டணம். மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.

இந்தக் கடிதத்தை நாளைக்கு நானே கொண்டுபோய்ப் போடுவேன். உன் கைக்கு எத்தனை நாளில் வரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒட்டுவதற்கு முன் ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். உன் அம்மாவுக்கும் தெரியாது, பிலோமினாவுக்கும் தெரியாது. அன்றைக்கு நான் அந்தோனியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்ததாகத்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் புளத்கொகுபிட்டியில் இறங்கியபோது அவள் கறுப்புச் சேலை உடுத்தி, மலர் வளையத்தோடு, பிள்ளைகளோடு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நீங்க ஏண்ணே மெனக்கெட்டு வந்தீங்க? ஆறு மணிக்கே போன்ல சேதி போட்டோவோட வந்திருச்சே" என்றாள். திரும்பி வரும் பஸ்ஸில் என் டிக்கெட்டையும் அவளே எடுத்தாள்.